குழவியின் மூச்சொலியும் கேளா ஒலியும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஒரு மருத்துவப் பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். மூச்சுவிடும்போது ஒலியெழுப்பும் பச்சிளங்குழந்தையின் நோயை மீயொலி கொண்டு அறியும் முறை பற்றியே இன்று பேசவிருக்கிறோம். இது மருத்துவமனைக்குள் நடப்பது. ஆனால் அந்த ஆய்வுக்கு வழிகாட்டும் முதற்குறிப்பு வீட்டில், தாயின் வாயிலிருந்து, தமிழில் பிறக்கிறது. அக்குறிப்பு தெளிவாக இருந்தால் மருத்துவரின் கருவி சரியான இடத்தைத் தேடும். குழம்பியிருந்தால் கருவியும் வேறிடத்தில் தேடும். ஆகவே இது மொழி மன்றத்திற்கும் உரிய பொருளே என்பது எங்கள் துணிபு.

மூச்சும் மிடறும்

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி தோன்றுவதற்குக் காற்றையே முதற்காரணமாகக் கொள்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களையும் வகுத்துக் காட்டுகிறது. ஒலியைக் கேட்டு, அது உடலின் எவ்விடத்தில் பிறந்தது என்று ஆராயும் பழக்கம் நம் இலக்கண மரபுக்குப் புதியதன்று. குழந்தை மருத்துவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: இந்த ஒலி மூக்கில் பிறந்ததா, மிடற்றில் பிறந்ததா, நெஞ்சில் பிறந்ததா?

குழந்தைக்கு இக்கேள்வி பெரியவரைவிட முதன்மையானது. பிறந்த குழந்தையின் குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சு செல்லும் வழியின் குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அதன் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் வழி 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். பரப்பளவு நான்கில் ஒன்றாகும். பிரெஞ்சு அறிஞர் புவாசேய் கண்ட விதிப்படி, சீராக ஓடும் காற்றுக்கு எழும் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். வளர்ந்தவருக்குத் தொண்டைக் கரகரப்போடு முடியும் அதே வீக்கம், குழந்தைக்கு உயிர்ப்போராட்டமாக மாறுவது இதனாலேதான். குழந்தைகள் முதற்சில மாதங்களில் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடுகின்றனர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

மூவகை ஒலிகள்

மருத்துவர்கள் இவ்வொலிகளை மூன்றாகப் பிரிக்கின்றனர்.

முதலாவது, மூக்கிலும் தொண்டையின் மேற்பகுதியிலும் பிறக்கும் தாழ்ந்த, குறட்டை போன்ற ஒலி. மருத்துவர் இதனை ஸ்டெர்டர் என்பர். நம் தாய்மார்கள் 'கொர்கொர்' என்று சொல்வது பெரும்பாலும் இதையே. மூக்கடைப்பு நீங்கினால் பலருக்கும் இது நின்றுவிடும்.

இரண்டாவது, குரல்வளையிலோ அதனை அடுத்த மூச்சுக்குழலிலோ பிறக்கும் உயர்ந்த, கூரிய ஒலி. இதனை ஸ்ட்ரைடர் என்பர். பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்கும். 'கீச்' என்றும், சேவல் கூவத் தொடங்கித் தடைப்பட்டதைப் போல என்றும் இதனை விவரிப்பதுண்டு.

மூன்றாவது, நெஞ்சுக்குள் நுண்ணிய காற்றுக்குழல்கள் சுருங்குவதால் பிறக்கும் சீழ்க்கை போன்ற ஒலி. இதுவே வீசிங். மூச்சை வெளியே விடும்போது கேட்கும்.

உள்மூச்சு, வெளிமூச்சு என்னும் வேறுபாடு ஏன் இவ்வளவு இன்றியமையாதது? மூச்சை உள்ளிழுக்கையில் நெஞ்சறைக்கு வெளியே, கழுத்தில் உள்ள மென்மையான வழி உட்புறமாக ஒடுங்க முயல்கிறது. நெஞ்சுக்குள் இருக்கும் குழல்களோ விரிகின்றன. மூச்சை வெளிவிடுகையில் இது தலைகீழாகிறது. ஆகவே உள்மூச்சில் கேட்கும் ஒலி, தடை கழுத்தில் இருப்பதைக் காட்டுகிறது. வெளிமூச்சில் கேட்பது, தடை நெஞ்சில் இருப்பதைக் காட்டுகிறது. இரண்டிலும் கேட்டால், சுருங்கவும் விரியவும் இயலாத நிலைத்த அடைப்பொன்றை ஐயுற வேண்டும். ஒலி எழும் நேரமே அது பிறக்கும் இடத்தைச் சொல்கிறது.

இழுப்பு என்னும் சொல்

இனி நம் சொற்களைப் பார்ப்போம். குழந்தையின் மூச்சில் எந்த ஒலி கேட்டாலும் நம் வீடுகளில் வழங்குவன மூன்று நான்கு சொற்களே: 'சளி கட்டியிருக்கிறது', 'இழுப்பு', 'இளைப்பு', 'வீசிங்'. இவற்றுள் 'இழுப்பு' ஆராயத்தக்கது. மூச்சை இழுத்தல் என்னும் வினையடியிலிருந்து வந்த இச்சொல், பொருளளவில் உள்மூச்சைச் சுட்டுகிறது. ஆனால் வழக்கிலோ, மூச்சை வெளிவிடத் திணறும் ஆஸ்துமாவுக்குப் பெயராகிவிட்டது. போதாக்குறைக்குச் சில வட்டாரங்களில் வலிப்பு நோயையும் இழுப்பு என்றே சொல்கின்றனர். ஒரே சொல் மூன்று நோய்களின் வாசலில் நிற்கிறது.

மலேசியச் சூழலில் இக்குழப்பம் மேலும் ஒரு படி ஏறுகிறது. இன்று நாம் கூடியிருக்கும் ஷா ஆலம், ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த நிலம். தோட்டத்து மருந்தகத்தில் டிரசரிடம் தாய் தன் மொழியிலேயே குழந்தையின் நிலையைச் சொல்ல முடிந்தது. தோட்டங்கள் நகரமாயின; 1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரமாயிற்று. இன்று அரசு சுகாதாரக் கிளினிக்கில் தாதியிடம் மலாயில் சொல்கிறோம். தனியார் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறோம். தாய் 'இழுப்பு' என்று நினைக்கிறாள். 'செம்புட்' என்றோ 'லெலா' என்றோ சொல்கிறாள். பதிவேட்டில் ஆஸ்துமா என்னும் ஐயம் ஏறுகிறது. மும்மொழி கடந்து வந்த அச்சொல்லில், அந்த ஒலி உள்மூச்சில் கேட்டதா வெளிமூச்சில் கேட்டதா என்னும் செய்தி எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

இதன் விளைவு சிறிதன்று. குரல்வளையில் தடையுள்ள குழந்தைக்கு, நெஞ்சுக் குழல்களை விரிக்கும் மருந்தை ஆவியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பயன் விளையாது. காலம் மட்டுமே கழியும். மறுபுறம், தானே தீரக்கூடிய எளிய ஒலிக்கு அஞ்சி மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் பெற்றோரும் உளர்.

கேளா ஒலி காட்டும் காட்சி

1816இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து மார்பொலிமானி பிறந்தது. அக்கருவி ஒலியைக் கேட்கச் செய்ததேயன்றி, ஒலி பிறக்கும் இடத்தைக் கண்முன் காட்டவில்லை. அதற்கான வழியை மனிதச் செவிக்கு எட்டாத ஒலியே திறந்தது.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை நம் செவி உணராது. அதுவே மீயொலி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தோர் கண்டறிந்தனர். அப்படிகங்களுக்கு மின்சாரம் ஊட்டினால் அவை அதிரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. இன்றைய ஸ்கேன் கருவியின் முனை இந்த இருவழிப் பண்பினாலேயே இயங்குகிறது: ஒலியை அனுப்புகிறது, எதிரொலியை வாங்குகிறது. 1958இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட கட்டுரை, மருத்துவத்தில் இம்முறை வேரூன்ற வழிவகுத்தது. கருவிலிருக்கும் சிசுவை நம் தாய்மார்கள் திரையில் காண்பது அதன் தொடர்ச்சியே.

எனினும் மூச்சுவழியை மீயொலியால் பார்க்கலாம் என்பதை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. காரணம், காற்று. மென்தசையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். காற்றில் சுமார் 340 மீட்டரே. அடர்த்தியும் பெரிதும் மாறுபடுவதால், தசையும் காற்றும் சந்திக்கும் எல்லையில் மீயொலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். காற்று நிறைந்த இடத்தின் மறுபுறம் தெரியாது.

ஆயினும் குழந்தையின் கழுத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. குரல்வளையை முன்புறம் மூடியிருக்கும் கேடயம் போன்ற குருத்தெலும்பு, வயது ஏற ஏறச் சுண்ணம் படிந்து இறுகும். மூத்த ஆண்களிடம் அது மீயொலியைத் தடுத்துவிடும். குழந்தையிடமோ அது இளங்குருத்தாகவே இருக்கிறது. மீயொலி அதனூடே எளிதாகப் புகுந்து, குரல்நாண்களைத் தொடுகிறது. 1990களின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவர்கள் குழந்தைகளின் குரல்வளையை இம்முறையில் ஆராய்ந்து எழுதினர். 1997இல் அமெரிக்க மருத்துவர் எல்லன் ஃபிரீட்மன், குழந்தைகளின் குரல்நாண் அசைவை மீயொலியால் மதிப்பிடுவது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், மூக்கினுள் கருவி செலுத்துவது தொற்றைப் பரப்பக்கூடும் என்னும் அச்சத்தால் இம்முறை மேலும் கவனம் பெற்றது.

ஆய்வு நடக்கும் விதம் எளியது. குழந்தை தாயின் மடியிலேயே இருக்கலாம். கழுத்தின் முன்புறத்தில் சிறிது களிம்பு தடவி, தட்டையான சிறிய முனையைக் குறுக்காக மெல்ல வைக்கின்றனர். அழுத்தி வைத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும். ஆகவே கை இலேசாக இருக்க வேண்டும். திரையில் ஒரு முக்கோணம் தோன்றும். அதன் இரு பக்கங்களாகக் குரல்நாண்கள் கருமையாகத் தெரியும். அவற்றின் விளிம்பு வெண்கோடாக ஒளிரும். பின்புறம் இரண்டு சிறு மேடுகளாகக் குருத்தெலும்புகள் தெரியும். குழந்தை மூச்சை இழுக்கையில் முக்கோணம் விரியும், அழுகையில் மூடும். இரு பக்கமும் ஒத்து அசைந்தால் நன்று. ஒரு பக்கம் மட்டும் அசையாது நின்றால் அது குரல்நாண் செயலிழப்பு. எக்ஸ்-கதிர் இல்லை, மயக்க மருந்து இல்லை, வேண்டும்போது மீண்டும் பார்க்கலாம்.

இம்முறை மிகுதியும் பயன்படுவது இதய அறுவை முடிந்த குழந்தைகளிடத்தில். குரல்வளைக்குச் செல்லும் இடப்புற நரம்பு, நேரே கழுத்தில் நின்றுவிடாமல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி மீண்டும் மேலேறுகிறது. பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஓர் இரத்தக்குழாய் மூடாதபோது அதனைக் கட்டும் அறுவை, இந்நரம்பின் அருகிலேயே நடக்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டால் அழுகுரல் மெலியும், பால் புரையேறும். அத்தகைய நலிந்த குழந்தையைக் கட்டிலிலிருந்து நகர்த்தாமலே பார்க்க மீயொலி உதவுகிறது. இரு நாண்களும் செயலிழந்த குழந்தைக்கோ அழுகை ஏறத்தாழ இயல்பாகவே கேட்கக்கூடும், மூச்சுதான் திணறும். அழுகை தெளிவாக இருக்கிறது என்று எண்ணி அங்கே ஏமாந்துவிடக் கூடாது.

குரல்நாணுக்குக் கீழே வளரும் இரத்தக்குழாய்க் கட்டியையும் மீயொலி காட்டக்கூடும். இத்தகைய குழந்தைகள் சிலரிடம் தாடையிலும் உதட்டிலும் கழுத்திலும் செம்மச்சம் இருக்கும். இந்நோய்க்கு இதயத்துக்கான பழைய மருந்தாகிய புரொப்ரனலால் பயன்படுவதை 2008இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் வெளியிட்டனர். அதன்பின் பல குழந்தைகளுக்குக் கத்தி தேவைப்படாமற் போயிற்று.

மீயொலியின் எல்லை

புதிய கருவியைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்வது கடமை. குரல்வளைக்கு மேலே மடங்கி விழும் மென்சதையை மீயொலி முழுமையாகக் காட்டுவதில்லை. காற்று நிறைந்த மூச்சுக்குழலின் உட்புறத்தையும் காட்டுவதில்லை. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே முடிவும் அமையும். ஆதலால், மெல்லிய நெளிகுழாயை மூக்கின் வழியே செலுத்தி, குழந்தை விழித்திருக்கும்போதே குரல்வளையை நேரில் காணும் அகநோக்கு ஆய்வே இன்றும் உறுதியான சான்றாக விளங்குகிறது. மீயொலி அதற்கு மாற்றாகாது. அதற்கு முன்னும் பின்னும் துணைநிற்கும். இதயத்தின் பெருநாளங்கள் மூச்சுக்குழலை வளைத்து நெருக்குகின்றனவா என்று அறிய இதய ஸ்கேனும், சில வேளைகளில் சிடி ஸ்கேனும் வேண்டும்.

குழந்தையரின் உள்மூச்சு ஒலிக்கு மிகப் பெரும்பான்மையான காரணம் குரல்வளைத் தளர்ச்சி. 1942இல் இதற்கு லாரிங்கோமலேசியா என்னும் பெயரைத் தந்தையும் மகனுமாகிய ஜாக்சன் மருத்துவர்கள் வழங்கினர். நனைந்து தளர்ந்த காகிதக் குழலால் இளநீரை உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்வதுபோல, இளகிய குருத்தும் சதையும் உள்மூச்சில் வழியை மறைக்கின்றன. பிறந்த சில நாள்களில் அல்லது வாரங்களில் ஒலி தொடங்கும். 4 முதல் 8 மாதம் வரை கூடும். பெரும்பாலோர்க்கு ஒன்றரை அல்லது இரண்டு வயதுக்குள் தானே அடங்கும். மல்லாந்து படுக்கையிலும், அழுகையிலும், பால் குடிக்கையிலும் ஒலி மிகும். குப்புறக் கிடத்தினால் ஒலி குறைகிறது என்பதற்காகக் குழந்தையைக் குப்புற உறங்கவைக்கக் கூடாது. உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு அது இடந்தரும். பால் கொடுக்கும்போது நிமிர்த்திப் பிடிப்பதும், இடையிடையே ஏப்பம் விடச் செய்வதும் போதும். எடை ஏறாத குழந்தைக்கும், கடுமையாகத் திணறும் குழந்தைக்கும் மட்டுமே அறுவை தேவைப்படும்.

விரைய வேண்டிய நேரம்

எந்த ஆய்வுக்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு விரைய வேண்டிய அறிகுறிகளைத் தாய்மார்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். உதடும் நாவும் நீலம் பாய்தல். மூச்சு இடையிடையே நின்றுபோதல். விலாவுக்குக் கீழும் கழுத்துக் குழியிலும் சதை உள்வாங்குதல். பால் குடிக்க இயலாமை. எழுப்பினாலும் துவண்டு கிடத்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் 999ஐ அழைக்கலாம். மூச்சின் எண்ணிக்கையையும் ஒரு முழு நிமிடம் எண்ணலாம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60உம், 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50உம், அதற்கு மேற்பட்டாலும், விரைந்த மூச்சாகும். நன்றாக விளையாடிய குழந்தைக்குத் திடீரென ஒலி தொடங்கினால் நிலக்கடலை போன்ற பொருள் உட்சென்றிருக்கலாம், அதுவும் அவசரமே.

நம் மக்களிடையே வழங்கும் சில பழக்கங்களையும் கைவிட வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவதால் அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது குறுகிய வழியை மேலும் எரிச்சலூட்டும். 'உரம் எடுத்தல்', 'தொக்கம் எடுத்தல்' முதலியன மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பொழுதை வீணாக்குவதோடு ஊறும் விளைக்கும். இவற்றைச் செய்த பாட்டிமார்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த வழி அதுவே. நம் கையில் இன்று வேறு வழி இருக்கிறது.

மன்றம் செய்யத்தக்கது

இறுதியாக ஒரு வேண்டுகோள். இரட்டைக்கிளவி வளம் மிக்க மொழி நம்முடையது. ஒலியின் நுண்வேறுபாட்டைச் சொல்ல நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆகவே மூவகை ஒலிக்கும் 'மூக்குக் கொர்ரொலி', 'உள்மூச்சுக் கீச்சொலி', 'வெளிமூச்சுச் சீழ்க்கை' என்னும் பெயர்களை மன்றத்தின் ஆய்வுக்கு முன்வைக்கிறோம். இவற்றினும் சிறந்த சொற்கள் கிடைக்குமாயின் அவற்றையே ஏற்போம். பெயர் எதுவாயினும், ஒலி எப்போது கேட்கிறது என்பதும் எங்கே பிறக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்க வேண்டும். அச்சொற்களுக்கு நேரான மலாய், ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து ஒரு தாளில் அச்சிட்டுத் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புகளிலும், கோயில் மண்டபங்களிலும், தாய்சேய் நலக் கிளினிக்குகளிலும் வைக்கலாம்.

அதுவரை தாய்மார்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குழந்தை ஒலியெழுப்பும்போது சட்டையை விலக்கி, மார்பும் கழுத்தும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு நிமிடம் காணொளி எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் 'இழுப்பு' என்று மட்டும் சொல்லாமல், மூச்சை இழுக்கும்போதா விடும்போதா, உறங்கும்போதா பால் குடிக்கும்போதா, பிறந்த நாள் முதலா நேற்று முதலா என்று சொல்லுங்கள். அவ்விடைகளைக் கொண்டே கருவியை மூக்கில் செலுத்துவதா, கழுத்தில் வைப்பதா, நெஞ்சில் வைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

பேசத் தெரியாத குழந்தைக்காகப் பேசும் பொறுப்பு நமக்குரியது. அதனைத் திருத்தமான தமிழில் செய்வோம்.